மூன்று கணினி, ஒரே ஸ்ருதி: சுரம் வாசிக்கக் கணினியைத் தயார் செய்யும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தேவாரமும் அடிப்படைச் சுர வரிசைகளும் சொல்லித் தருகிறேன். எங்கள் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. தோல் ஒட்டிப் பார்த்தோம், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. சரி, கணினியில் சுரத்தைப் போட்டு ஸ்பீக்கரில் விட்டால் போதாதா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு மூன்று வாரமும் 240 வெள்ளியும் (ரிங்கிட்) போயின.

என்னிடம் இருந்தவை மூன்று கணினிகள். என் விண்டோஸ் மடிக்கணினி, விடுமுறைக்கு வந்த அண்ணன் மகனின் மேக்புக், மண்டபத்தில் கிடந்த பழைய மேசைக் கணினி. கடைசியானதில் யாரோ லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் நன்றாக ஒலித்த கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் மூச்சே வரவில்லை. மேக்கில் திறக்கவே மறுத்தது. ஏன் என்று புரிய எனக்கு ஆன நாள்கள் உங்களுக்கு ஆக வேண்டாம்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

ஒரே பாட்டு, ஒரே ஸ்ருதி, ஒரே வேகம், அவ்வளவுதான் வேண்டுமென்றால் இந்த வழிகாட்டியை மூடிவிடலாம். யாராவது வாசித்ததைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து எம்பி3 ஆக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

மிடி, அதாவது சுரங்களைக் கணினிக்குக் கட்டளைகளாக எழுதி வைக்கும் முறை, தேவைப்படுவது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, கட்டையை, அதாவது ஸ்ருதியின் உயரத்தை, மாற்ற. என் வகுப்பில் 7 வயதுப் பெண் பிள்ளையும் குரல் உடைந்த 14 வயதுப் பையனும் இருக்கிறார்கள். இரண்டு, வேகத்தைக் குறைக்க. எம்பி3-ஐ மெதுவாக்கினால் ஒலி நசுங்கும், மிடியில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கமகத்தைச் சொல்லித் தராது. ரி-யிலிருந்து க-வுக்கு இழைந்து போகாமல் படி தாண்டுவதுபோல் தாண்டும். சுருதியை வளைக்கும் வசதி மிடியில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அசைவையும் கையால் வரைந்துகொண்டிருந்தால் ஒரு பதிகத்துக்கு ஒரு மாதம் ஆகும். சுரஸ்தானம், தாளம், ஸ்ருதியில் நிற்பது ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மிடி கோப்பில் சத்தம் கிடையாது

நான் தடுக்கி விழுந்த இடம் இது. "மிட்" என்று முடியும் கோப்பில் ஒலி எதுவும் இல்லை. சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம் மாதிரி அது. "60-ஆம் எண்ணை அழுத்து, இவ்வளவு பலமாக, இப்போது விடு" என்ற கட்டளைகள் மட்டுமே அதில் இருக்கும். அதனால்தான் முழுப் பாட்டும் சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த நோட்டைப் பார்த்துப் பாட ஒருவர் வேண்டும். அவர்தான் சிந்தசைசர் என்கிற மென்பொருள். அவருக்கு ஒரு குரலும் வேண்டும். அதுதான் ஒலி மாதிரிகளை அடைத்து வைத்திருக்கும் சவுண்ட்ஃபாண்ட் கோப்பு. விண்டோஸ் இரண்டையும் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது, அதனால் சொடுக்கியதும் ஒலிக்கும். மேக்கிலும் உள்ளே உண்டு, ஆனால் வேறு மென்பொருள் வழியாகத்தான் எட்ட முடியும். லினக்ஸில் பெரும்பாலும் நாம்தான் நிறுவ வேண்டும்.

ஆக, கோப்பு, பாடுகிறவர், குரல் என மூன்று. கீபோர்டில் நேரடியாக வாசிப்பதானால் நான்காவதாக ஓர் இணைப்பும் வேண்டும். சத்தம் வராதபோது இந்த நான்கில் எது இல்லை என்று தேடுங்கள். நான் ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டியே ஒரு மாலையைத் தொலைத்தேன்.

இதிலிருந்து வரும் விதி ஒன்றுதான்: மிடி கோப்போடு சவுண்ட்ஃபாண்டையும் அதே பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். குரலைக் கூடவே கொண்டுபோனால் மூன்று கணினியிலும் ஒரே ஆர்மோனியம் கேட்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கணினியும் தன் சொந்தக் குரலில் பாடும்.

3. கைவசம் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

மென்பொருளுக்கு ஒரு காசும் ஆகவில்லை. மற்றவற்றுக்கு நான் கொடுத்த விலை இது. உங்களுக்குக் கூடவோ குறையவோ ஆகலாம்.

16 ஜிபி பென்டிரைவ்: 20 வெள்ளி.
பழைய 49 கட்டை யுஎஸ்பி கீபோர்டு: 150 வெள்ளி.
அதற்கு வயர்: 8 வெள்ளி. பிரிண்டருக்குப் போடுகிற அதே சதுர முனை வயர்தான். வீட்டில் பிரிண்டர் இருந்தால் வாங்க வேண்டாம்.
5 மீட்டர் ஸ்பீக்கர் வயர், காதொலிக் கருவித் துளையில் போடுவது: 12 வெள்ளி.
மேக்கின் சிறிய துளைக்கு அடாப்டர்: 25 வெள்ளி.
வீணாய்ப் போன மிடி வயர்: 25 வெள்ளி. அதன் கதை கீழே.

கீபோர்டு இல்லாமலும் தொடங்கலாம். உண்மையில், முதல் மாதம் வாங்காதீர்கள்.

அடுத்தது தாள்களும் அனுமதியும். சிரிக்காதீர்கள், எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான்.

நிர்வாகிக் கடவுச்சொல். இரவல் கணினியில் எதையும் நிறுவ இது வேண்டும். மண்டபக் கணினியின் கடவுச்சொல் தெரிந்தவர் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் எண்ணைத் தேடிப் பிடிக்க ஆறு நாள் ஆயிற்று. கணினியைத் தொடும் முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயில் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கணினி, என்ன நிறுவப் போகிறீர்கள் என்று எழுதி ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். "இதுக்கெல்லாம் எதுக்கும்மா லெட்டரு?" என்றுதான் எங்கள் தலைவர் ஐயாவும் கேட்டார். அடுத்த மாதம் கணினி மெதுவாகிவிட்டது என்று ஒருவர் புகார் சொன்னபோது, அவரே அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

ரசீது. கடையில் தரும் வழுவழுப்புத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். உத்தரவாதம் கேட்கப் போகும்போது வெள்ளைத் தாளைத்தான் நீட்டுவீர்கள். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

சவுண்ட்ஃபாண்டின் உரிமக் குறிப்பு. பதிவிறக்கும்போது கூடவே வரும் சிறு எழுத்துக் கோப்பு அது, அழித்துவிடாதீர்கள். நான் பயன்படுத்தும் சவுண்ட்ஃபாண்டின் பெயர் ஃபுளூயிட் ஆர்3, எம்ஐடி என்ற உரிமத்தில் வருவது. நகலெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் அந்த உரிமக் குறிப்பும் கூடவே போக வேண்டும்.

4. பதிவிறக்கத்தைப் பட்டணத்தில் முடியுங்கள்

தோட்டத்தில் இணையம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஃபுளூயிட் ஆர்3 சவுண்ட்ஃபாண்ட் ஏறக்குறைய 140 எம்பி. ஜெனரல்யூசர் ஜிஎஸ் என்ற இன்னொன்று 30 எம்பி அளவில் முடியும். மிகப் பழைய கணினிக்கு டிம்ஜிஎம் என்று 6 எம்பியில் ஒன்று உண்டு, குரல் கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கும். மேக்கின் இசை மென்பொருளான கராஜ்பேண்ட் 1 ஜிபிக்கு மேல் இழுக்கும். நான் எல்லாவற்றையும் பட்டணத்தில் தங்கை வீட்டில் உட்கார்ந்து ஒரே மாலையில் இறக்கினேன். முதல் நாள் தோட்டத்திலேயே முயன்றபோது 90 விழுக்காட்டில் அறுந்தது, இரண்டு முறை.

"எஸ்எஃப்2" என்று முடியும் வகையையே எடுங்கள். "எஸ்எஃப்3" சுருக்கப்பட்ட வகை, அளவில் சிறியதுதான், ஆனால் எல்லா மென்பொருளும் அதைத் திறக்காது.

மூன்று கணினிக்கும் பொதுவாக எடுக்க வேண்டியது மியூஸ்ஸ்கோர். சுரம் எழுத, வாசிக்க, கட்டை மாற்ற எல்லாம் அதிலேயே முடியும். நிரல் இலவசம். அதே பெயரில் இசைத்தாள் பகிரும் தளமொன்று தனியாக இருக்கிறது, அதில் சந்தாத் திட்டம் உண்டு. பதிவிறக்கும்போது கடன் அட்டை எண் கேட்டால் நீங்கள் நிற்பது வேறு வாசல், திரும்பிவிடுங்கள்.

5. எண்களை எழுதி ஒட்டுங்கள்

மிடியில் ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண். 1 கட்டை ஸ்ருதிக்கு நடு ச என்பது 60. அதிலிருந்து அரைச் சுரத்துக்கு ஒன்றாக ஏறும்:

ச 60, ரி1 61, ரி2 62, க2 63, க3 64, ம1 65, ம2 66, ப 67, த1 68, த2 69, நி2 70, நி3 71, மேல் ச 72.

சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்துக்கு 60, 61, 64, 65, 67, 68, 71, 72. இதையே சோதனைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கிக் காட்டினால் கணினி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 61-ஐயும் 68-ஐயும் யார் தவறாகப் போட்டாலும் காது உடனே சொல்லிவிடும்.

எழுத்துப் பெயரை நம்பாமல் எண்ணை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே 60-ஐ மியூஸ்ஸ்கோர் "சி4" என்கிறது, கராஜ்பேண்ட் "சி3" என்கிறது. இரண்டும் ஒரே சுரம்தான். பெயரைப் பார்த்து மாற்றி எழுதினால் ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரை) முழுதும் தள்ளிப்போகும்.

கட்டை மாற்றுவதும் எண் கணக்குதான். 1½ கட்டைக்கு 1 ஏற்றுங்கள், 2-க்கு 2, 2½-க்கு 3, 3-க்கு 4, 4-க்கு 5, 4½-க்கு 6. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அரை கிடையாது, கறுப்புக் கட்டை இல்லாத இடம் அது. 5 கட்டைக்கு வரும்போது கவனம்: 7 ஏற்றினால் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். 5 இறக்க வேண்டும். 5½-க்கு 4 இறக்கம், 6-க்கு 3. என் வகுப்பில் பெண் பிள்ளைகள் 5½-இல் சுகமாக நிற்கிறார்கள். குரல் உடைந்த பையனுக்கு 1½.

6. ஆர்மோனியக் குரலைத் தேர்ந்தெடுப்பது

ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கில் 128 வாத்தியங்களுக்கு வரிசை எண் உண்டு. நமக்கு நெருக்கமானவை: 21 ரீட் ஆர்கன், அதாவது நம் ஆர்மோனியத்துக்குச் சொந்தக்காரர். 41 வயலின். 74 புல்லாங்குழல். 105 சிதார். 112 ஷெனாய். நாதஸ்வரம் பட்டியலில் இல்லை. ஷெனாயை நாதஸ்வரத்துக்குப் பதில் போட்டுப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் கேட்க முடியவில்லை.

இங்கே ஒரு பொறி. சில மென்பொருள் 1-இலிருந்து எண்ணும், சில 0-விலிருந்து எண்ணும். லினக்ஸில் நான் பயன்படுத்தும் கியூசிந்த் 0-விலிருந்து எண்ணுவதால் அங்கே ரீட் ஆர்கன் 20. அந்த 20-ஐ நோட்டில் குறித்துவந்து, 1-இலிருந்து எண்ணும் இன்னொன்றில் போட்டேன். அங்கே 20 என்றால் தேவாலய ஆர்கன். மாரியம்மன் சந்நிதியில் "தோடுடைய செவியன்" கிறிஸ்துமஸ் ஆராதனைபோல் எழும்பியது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எண்ணை விட்டுவிட்டு, திரையில் வரும் வாத்தியப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு பொறி 10-ஆம் சானல். மிடியில் வாத்தியங்களைத் தனித்தனியாக அனுப்ப 16 சானல்கள், 10-ஆவது தாள வாத்தியத்துக்கு ஒதுக்கியது. அதில் சுரத்தை எழுதினால் ஒவ்வோர் எண்ணும் ஒரு கொட்டாக மாறும். 60 அங்கே போங்கோ. என் முதல் சரளி வரிசை போங்கோ, கோங்கா, விசில் என்று கலந்து வந்தது. அதே சானலை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். 39 கைத்தட்டல். ஆதி தாளத்தின் தட்டுகளுக்கு அதைப் போட்டு வைத்திருக்கிறேன்.

7. விண்டோஸ்

கோப்பை இரட்டைச் சொடுக்குப் போட்டுப் பழைய மீடியா பிளேயரில் திறந்தால் பெரும்பாலும் ஒலிக்கும். ஒலிப்பது உள்ளேயே இருக்கும் மைக்ரோசாப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த். குரல் தட்டையானது. அதை மாற்ற:

வர்ச்சுவல்மிடிசிந்த் என்ற இலவச நிரலை நிறுவுங்கள். நிர்வாகிக் கடவுச்சொல் இங்கே தேவைப்படும். திறந்து சவுண்ட்ஃபாண்ட் பட்டியலில் உங்கள் எஸ்எஃப்2 கோப்பைச் சேருங்கள். அப்புறம் மிடி மேப்பர் தாவலில் இதையே இயல்பான வெளியீடாக வையுங்கள். பலர் முதல் வேலையோடு நிறுத்திவிட்டு, குரல் மாறவில்லையே என்று நிற்பார்கள். இரண்டாவதும் செய்தால்தான் மாறும்.

சவுண்ட்ஃபாண்டைப் பென்டிரைவிலிருந்தே சேர்க்காதீர்கள். பென்டிரைவைப் பிடுங்கியதும் குரல் காணாமல் போகும். முதலில் கணினிக்குள் நகலெடுங்கள்.

மடிக்கணினி "எஸ் மோட்" என்ற முறையில் இருந்தால் மைக்ரோசாப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ விடாது. அதிலிருந்து வெளியே வர இலவசமாகவே முடியும், ஆனால் திரும்பிப் போக முடியாது. இரவல் கணினி என்றால் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இணையத்தில் இணைக்காமல் சுரம் வாசிக்க மட்டும் வைத்திருந்தால் அது பாட்டுக்கு ஓடும். அதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை.

8. மேக்

இரட்டைச் சொடுக்கு இங்கே உதவாது. இப்போதைய குயிக்டைம் பிளேயர் மிடியை வாசிப்பதில்லை. கராஜ்பேண்டைத் திறந்து, வெற்றுத் திட்டம் ஒன்று தொடங்கி, மிட் கோப்பை இழுத்துப் போடுங்கள், அவ்வளவுதான். தட்டச்சுப் பலகையாலேயே வாசிக்க "மியூசிக்கல் டைப்பிங்" சாளரம் அதிலேயே உண்டு. கமாண்ட் விசையோடு கே அழுத்தினால் வரும்.

கராஜ்பேண்ட் நம் எஸ்எஃப்2 கோப்பை நேரடியாக ஏற்காது. அதே குரல் வேண்டுமென்றால் மேக்கில் மியூஸ்ஸ்கோரையே பயன்படுத்துங்கள். நான்காம் பதிப்பில், டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் மியூஸ்ஸ்கோர் உண்டாக்கி வைத்திருக்கும் சவுண்ட்ஃபாண்ட்ஸ் கோப்புறையில் கோப்பைப் போட்டு, நிரலை மூடித் திறந்து, மிக்சரில் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதே முறைதான்.

ஆப் ஸ்டோருக்கு வெளியே இறக்கிய சில நிரல்களை மேக் திறக்க விடாது. "அத்தை, சரிபார்க்க முடியலைன்னு சொல்லுது" என்று மருமகன் குப்பையில் போடப் போனான். கெடவில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிப் பக்கத்தின் கீழே "ஓப்பன் எனிவே" என்றிருக்கும். நிரலின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதை அழுத்துங்கள்.

9. லினக்ஸ்

என்னை மிகவும் படுத்தியது இது. இப்போது மூன்றிலும் எனக்குப் பிடித்ததும் இதுதான். மண்டபக் கணினியில் 4 ஜிபி நினைவகம், அதற்கே தாராளம்.

மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் கியூசிந்த் என்று தேடி நிறுவுங்கள். உள்ளே பாடுவது ஃபுளூயிட்சிந்த். கியூசிந்த் அதற்குப் போட்ட சட்டை. ஃபுளூயிட் சவுண்ட்ஃபாண்டும் அதே மேலாளரில் கிடைக்கும், தனியாகத் தேடி அலைய வேண்டாம்.

கியூசிந்தின் செட்டப் சாளரத்தில் மூன்று தாவல்கள் முக்கியம். மிடி தாவலில் டிரைவராக "அல்சா சீக்குவென்சர்". ஆடியோ தாவலில் "பல்ஸ்ஆடியோ", அல்லது பட்டியலில் இருந்தால் "பைப்வயர்". அங்கே "ஜாக்" (ஒலியைக் கடத்தும் இன்னொரு மென்பொருள்) என்று இருந்து, ஜாக் ஓடாமல் இருந்தால் பிழைச் செய்தி வந்து சத்தமே கேட்காது. என் முதல் நாள் மௌனத்துக்குக் காரணம் அதுதான். மூன்றாவது சவுண்ட்ஃபாண்ட் தாவல், உங்கள் கோப்பைச் சேருங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் கீபோர்டில் விரல் வைத்தால் ஒன்றும் வராது. லினக்ஸில் வாசிக்கிறவரையும் பாடுகிறவரையும் நாம்தான் கோத்துவிட வேண்டும். கியூபிடபிள்யூகிராஃப் என்ற நிரலில் இரண்டும் பெட்டிகளாகத் தெரியும். கீபோர்டுப் பெட்டியிலிருந்து ஃபுளூயிட்சிந்த் பெட்டிக்கு மவுஸால் கோடு இழுங்கள். முதல் தடவை கோடு இழுத்து ஒலி வந்தபோது மண்டபத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அரை மணி நேரம் சும்மா வாசித்துக்கொண்டே இருந்தேன்.

மியூஸ்ஸ்கோரின் நான்காம் பதிப்பு இந்தக் கணினியில் தவழ்ந்தது. மின்ட்டின் களஞ்சியத்தில் மூன்றாம் பதிப்பு இருந்தது, அதுவே போதும்.

10. கீபோர்டு வாங்கும் முன்

விஎம்பிகே என்ற மெய்நிகர் கீபோர்டு மூன்று இயங்குதளத்துக்கும் இலவசமாக உண்டு. எடிட் மெனுவில் மிடி கனெக்‌ஷன்ஸ் போய், வெளியீட்டை உங்கள் சிந்தசைசருக்குத் திருப்புங்கள். தட்டச்சுப் பலகையின் கீழ் வரிசையில் இசட், எக்ஸ், சி, வி, பி, என், எம் ஆகிய ஏழும் வெள்ளைக் கட்டைகள். வரிசையாக அழுத்தினால் சங்கராபரண ராகம். மேல் ஸ்தாயி கியூ வரிசையில் தொடரும். சாதாரணத் தட்டச்சுப் பலகை மூன்று நான்கு விசையைச் சேர்த்து அழுத்தினால் குழம்பிவிடும். ஒற்றைச் சுரமாக வாசிக்கும் நமக்கு அதில் நஷ்டமில்லை.

ஒரு சுரம் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஒலித்தால் "பானிக்" பொத்தானை அழுத்துங்கள். விஎம்பிகேயிலும் கியூசிந்திலும் இருக்கிறது. பெயர் பயமாக இருந்தாலும் எல்லாச் சுரத்தையும் நிறுத்துவது மட்டுமே அதன் வேலை.

அசல் கீபோர்டு வாங்கினால் யுஎஸ்பி துளை இருப்பதாகப் பாருங்கள். "கிளாஸ் கம்ப்ளையன்ட்" என்று போட்டிருந்தால் மூன்று இயங்குதளத்திலும் டிரைவர் இல்லாமல் வேலை செய்யும். நான் முதலில் இரவல் வாங்கியது ஐந்து ஊசி வட்டத் துளை மட்டும் உள்ள பழைய கீபோர்டு. அதற்காக வாங்கிய மலிவான வயர்தான் அந்த வீணாய்ப் போன 25 வெள்ளி. வேகமாக வாசித்தால் சுரங்களை விழுங்கியது. விடும் கட்டளையை விழுங்கும்போது அந்தச் சுரம் பிடித்துக்கொண்டு அலறும். வயரில் "இன்" என்று எழுதிய முனை கீபோர்டின் "அவுட்" துளையில் போக வேண்டும் என்று தெரியாமல் ஒரு நாள் போனது தனிக் கதை.

வாங்கும் இடத்திலேயே எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

11. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம்

விரல் வைத்து, ஒரு கணம் கழித்துச் சுரம் வந்தால் பிள்ளைகளுக்குத் தாளம் கலைந்துவிடும். புளூடூத் ஸ்பீக்கர் சிலவற்றில் கால் விநாடி வரை தாமதமாகும். வயர் போடுங்கள். 12 வெள்ளிதான்.

வயர் போட்ட பிறகும் தாமதித்தால் பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடத்தைப் பாருங்கள். கியூசிந்தின் ஆடியோ தாவலில் மாதிரி வீதம் 48,000, பஃபர் அளவு 256, எண்ணிக்கை 2 என்று வைத்தால் தாமதம் ஏறக்குறைய 11 மில்லிசெகண்ட், காதுக்குத் தெரியாது. பொரிகிற மாதிரி சத்தம் வந்தால் 512-க்கு ஏற்றுங்கள். விண்டோஸின் உள்ளமைந்த சிந்த் நேரடி வாசிப்புக்கு ஆகவே ஆகாது, தாமதம் நன்றாகவே தெரியும். நான் விண்டோஸைக் கோப்பு ஓட்ட மட்டும் வைத்திருக்கிறேன், கையால் வாசிக்க மண்டபத்து லினக்ஸ். இதற்கு மேல் விண்டோஸோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

12. எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்

எல்லாம் தெரிந்த பிறகு, ஒரு கணினிக்கு இப்போது எனக்கு ஆவது 40 நிமிடம். உங்களுக்கு முதல் தடவை என்றால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: கடிதம், கடவுச்சொல், மண்டபச் சாவி ஆகியவற்றுக்கு ஒரு வாரம். பதிவிறக்கத்துக்கு ஒரு மாலை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மாலை. சோதனைக் கோப்பையும் இரண்டு பதிகங்களையும் எழுத ஒரு சனி, ஞாயிறு. மொத்தம் ஏறக்குறைய இரண்டு வாரம். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறீர்கள் என்றால், வட்டாரச் சுற்றுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பிள்ளைகள் புது ஒலிக்குப் பழகவே இரண்டு வகுப்பு போகும்.

வகுப்புக்கு முதல் நாளே மண்டபத்துக்குப் போய் அங்கிருக்கும் ஸ்பீக்கரில் சோதியுங்கள். வீட்டில் ஒலித்தது என்பது எதற்கும் சாட்சியில்லை. ஒவ்வொரு பாட்டையும் மிடியாக மட்டுமல்லாமல் எம்பி3 ஆகவும் ஏற்றுமதி செய்து பென்டிரைவில் தனிக் கோப்புறையில் வையுங்கள். எதுவுமே ஓடாத நாளில் யாருடைய கைத்தொலைபேசியிலாவது அதைப் போட்டு வகுப்பை நடத்திவிடலாம்.

பெரும்பாலும் சாயங்காலம்தான் இங்கே இடி இறங்கும். வானம் கறுத்தால் கணினி, ஸ்பீக்கர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீபோர்டின் யுஎஸ்பி வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். போன மாதம் மழை விடும்வரை முக்கால் மணி நேரம், தம்புரா செயலியைக் கைத்தொலைபேசியில் 5½ கட்டைக்கு வைத்துப் பாடினோம்.